காற்றுப் போன வழி

1986 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. ஸ்டுட்கார்ட்டில் ஓர் அகதி விடுதியின் இரண்டாம் மாடி அறையில் யூட்டின் முன்பல் ஒன்று உடைந்தது.

உடைத்தவன் தவராசா. பல் பட்டுத் தன் கைமுட்டியில் இரத்தம் கசிந்ததை அவன் பொருட்படுத்தவில்லை. இராயப்பு யூட்டின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தான். மூவரும் எட்டு மாதமாக அந்த ஒரே அறையில் கிடப்பவர்கள்.

"அவனுக்கு ஆரடா போய்ச் சொன்னது?"

தவராசா 'அவன்' என்றது மேல்மாடியில் குடியிருந்த விடுதிப் பொறுப்பாளரைத்தான். அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது விடுதியின் சட்டம். மூன்று முறை பிடிபட்டாயிற்று. நான்காம் முறை என்றால் மூவரையும் மூன்று முகாமுக்குப் பிரித்துவிடுவார்கள்.

காங்கேசன்துறையில் இயந்திரம் பூட்டும் பிட்டராக இருந்த தவராசா கறிவாசத்துக்கு ஒரு வழி செய்திருந்தான். தெருவோரம் எறிந்திருந்த போட்டோகொப்பி இயந்திரத்திலிருந்து உள்ளங்கையளவு விசிறி. தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் ஒடுங்கிய குழாய். அதன் மறுமுனையைச் சுவரில் பழைய அடுப்புக்கென இருந்த புகைபோக்கித் துவாரத்துக்குள் செருகி, கூரைக்குப் போய்விடும் என்றான்.

முதலில் அது சரியாக இழுக்கவில்லை. குழாயைப் பாதியாக வெட்டி, வளைவுகளை எடுத்து, மூட்டுகளை நாடாவால் இறுக்கினான். உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும் என்று ஜன்னலை ஒரு விரலளவு திறந்தும் வைத்தான். அதன் பிறகு நீட்டிய கடதாசி குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. நடைவழியில் நின்று மோந்து பார்த்த இராயப்பு, ஒரு வாசமும் இல்லை என்று சத்தியம் செய்தான்.

ஆனால் விசிறி இல்லாத காலத்தில் சாப்பிட்டு முடிந்த பின் வந்த பொறுப்பாளர், விசிறி பூட்டியதும் சோறு வடிக்கும் நேரத்துக்கு வந்தார். அதைத் திருத்திய பிறகோ, வெங்காயம் சிவக்குமுன்னே கதவடியில் நின்றார். வாசம் போகவில்லையென்றால் ஆள்தான் போயிருக்க வேண்டும். மூவரில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரிந்தவன் யூட் ஒருவன்தான். எல்லாருடைய விண்ணப்பங்களையும் தூக்கிக்கொண்டு பொறுப்பாளரிடம் போய்வருபவனும் அவன்தான்.

உங்கள் இரண்டு பேரின் வழக்குக் கடிதத்துக்குத்தான் போனேன் என்று யூட் திரும்பத் திரும்பச் சொன்னான். ஊரில் என்றால் காட்டிக்கொடுத்தவன் என்று உன்னை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தவராசா இடுப்புப் பட்டியைக் கழற்றினான்.

நாலாவது அடியில் பட்டியின் கொளுக்கி புருவத்தைக் கிழித்தது. ஏழாவது அடியில் யூட்டின் முழங்கால் மடிந்தது.

"ஓம் அண்ணை, நான்தான் சொன்னனான். அடியாதேங்கோ."

இராயப்பு கையை விட்டான். யூட்டைக் கட்டிலில் தள்ளி, துவாயொன்றை அவன் முகத்தில் எறிந்தான். பிறகு கதவைப் பூட்டி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"இண்டைக்கு ஆர் போய்ச் சொல்லுறான் எண்டு பாப்பம்" என்றபடி தவராசா மின்னடுப்பைப் போட்டான். விசிறி சுழன்றது. எண்ணெயில் விழுந்த வெங்காயத்தின் ஆவி கோடு போட்டதுபோலக் குழாய்க்குள் போயிற்று.

மூன்று நிமிடம் ஆகவில்லை. இராயப்புவின் முதுகில் கதவு அதிர்ந்தது.

திறந்ததும், பொறுப்பாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி உள்ளே வந்தார். அடுப்பை அவர் பார்க்கவேயில்லை. நேரே சுவருக்குப் போய்க் குழாயைப் பிடுங்கி எறிந்தார். மேலே முகட்டைக் காட்டிக் காட்டி நெடுநேரம் கத்தினார். பிறகுதான் கட்டிலில் இருந்தவனின் முகத்தைக் கண்டார்.

இராயப்பு தவராசாவைப் பார்த்தான். தவராசா யூட்டைப் பார்த்தான்.

"என்னவாமடா?"

யூட் துவாயில் இரத்தத்தைத் துப்பினான்.

"எங்கட குழாய்க் காத்து முழுக்க தன்ர படுக்கையறைக்குள்ளதான் வருதாம், அண்ணை."