ஜேக்கப் சார் எத்தனை வருஷம் தாங்குவார்

மருந்தியல் கல்லூரி வாசலில் தேவகிருபையைப் பார்த்ததும் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"இன்னாக்கா, இன்னிக்கு நைனாவ இட்டாந்துகினியா?"

அவன் நைனா, அதாவது அப்பா, என்றது அவளுடைய கணவர் ஞானதுரையை. தம்மை மாமனார் வயதுக்கு ஏற்றிவிட்டது கூட அவருக்கு உறைக்கவில்லை. முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்து இவன் ஏன் எழுந்து நிற்கிறான்?

"மெட்ராஸ்ல எல்லாரும் அக்காதான். வாங்க," என்றாள் தேவகிருபை.

சந்தேகப்படுவதில் ஞானதுரைக்குத் திருவொற்றியூரில் ஈடு கிடையாது. காற்றில் வரும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் கூட மற்ற கடைகளை விட்டுவிட்டுத் தம் மருந்துக்கடையில் மட்டும் வேண்டுமென்றே இறங்குகிறது என்பார். ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, நிஜமாகவே மூடியிருக்கிறார்களா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்.

தெற்கே நாசரேத்திலிருந்து வந்து கடை போட்டவர். ஊர் எழும்பும் முன் திறந்து, ஊர் அடங்கியபின் மூடுவார். வீடு என்பது அவருக்குத் தூங்குகிற இடம்.

படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர் ஒருவருடைய பெயர் இல்லாமல் மருந்துக்கடை நடத்த முடியாது. ஞானதுரை கடையில் அந்தப் பெயர் ஜேக்கப் சாருடையது. பெயர் கடையில் இருக்கும். ஜேக்கப் சார் வீட்டில் ஈசிசேரில் இருப்பார்.

அவருக்கு எண்பது நெருங்குகிறது. அதுதான் சிக்கல். ஜேக்கப் சார் போனால் கடையும் போகும்.

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஞானதுரை அவருக்குப் பின்வரிசையில் நின்று பாட்டைக் கவனிப்பார். கர்த்தருக்காக அல்ல, மூச்சுக்காக. பல்லவி சுமார். சரணத்தில் இளைக்கிறது. கேட்டுக் கேட்டு ஒரு கணக்குக்கு வந்திருந்தார்: இரண்டு வருஷம் தாங்கும், நான்கு தாங்காது.

அதனால்தான் மனைவியைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார். நாற்பத்தொரு வயது என்றாலும் பன்னிரண்டாவதில் அறிவியல் எடுத்தவள். கேட்ட உடனே, "டிகிரின்னா படிக்கேன்," என்று சொல்லிவிட்டாள்.

அந்த உடனேதான் அவருக்கு இடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் உடனே சம்மதித்ததில்லை.

சேர்க்கை அறையில் கார்குழலி என்ற பெண் இருந்தாள். தேவகிருபையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஞானதுரையைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டாள். அதையும் அவர் கவனித்தார்.

"ரெண்டு வழி கீது சார். பன்னெண்டாவது மார்க்க வெச்சு டிகிரில மொத வருஷம் சேரலாம். நாலு வருஷம் ஆவும். இல்லாங்காட்டி ரெண்டு வருஷம் டிப்ளமா முடிச்சிட்டு வந்தா, டிகிரில நேரா ரெண்டாவது வருஷம்."

"டிப்ளமா," என்றார் ஞானதுரை, அவள் சொல்லி முடிக்குமுன். "அத முடிச்சாலே மருந்தாளுநராப் பதிஞ்சுக்கிடலாம்லா? டிகிரிய பொறவு பாத்துக்கிடலாம்."

பார்த்துக்கொள்ளப் போவதில்லை. டிப்ளமா கைக்கு வந்த மறுநாளே அவள் கடையில் உட்கார வேண்டியது, படிப்பு அத்தோடு முடிய வேண்டியது. இது அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரிந்த திட்டம். மனைவியின் முகத்தைப் பார்த்தபோது, மூன்றாவதாக ஒருவருக்கும் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது.

"நீ இன்னாக்கா சொல்ற?" என்றாள் கார்குழலி.

"டிகிரி. ரெண்டாவது வருஷம்."

ஞானதுரை சிரித்தார். "ஏட்டி, அதுக்கு டிப்ளமா முடிச்சிருக்கணும். இப்பதான சொன்னாவ?"

"முடிச்சாச்சு."

ஞானதுரை மனைவி பக்கம் திரும்பினார்.

"இதே காலேஜ்லதான். நீங்க கடை தொறக்கப் போன பொறவு ரயிலேறுவேன். நீங்க வந்து படுக்கியதுக்குள்ள பாடத்த எழுதி முடிச்சிருவேன். நீங்க ஒருநாளும் கேக்கல, நானும் சொல்லல."

ஞானதுரைக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் வியாபாரி. கோபத்தைத் தள்ளிவிட்டு லாபம் முன்னால் வந்து நின்றது.

"அப்ப டிகிரி எதுக்குட்டி? எந்திரி. நாளைக்கே ஒன் பேர்ல கடைய..."

"இதுக்குத்தான் சொல்லல," என்றாள் தேவகிருபை. அவள் எழவில்லை. "இன்னும் மூணு வருஷம் படிக்கப் போறேன். அதுவரைக்கும் தாங்கிருவேன்னு ஜேக்கப் சார் சொல்லிருக்காவ."

"அவருக்கும் தெரியுமா?"

"பயிற்சி முடிச்சதுக்குக் கையெழுத்துப் போட்டதே அவங்கதான்."

"என்ன பயிற்சி?"

இதற்குக் கார்குழலி பதில் சொன்னாள். "டிப்ளமா படிச்சா மூணு மாசம் ஒரு மருந்துக்கடைல நின்னு வேல கத்துக்கணும் சார். எந்தக் கடைன்னு சாருக்குச் சொல்லுக்கா."

தேவகிருபை கணவரைப் பார்த்தாள்.

போன கோடையில், வேலையாள் நின்றுவிட்டான், நான் ஒத்தாசைக்கு வருகிறேன் என்று அவள் கடைக்கு வந்ததும், மூன்று மாதம் நின்றதும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தன. டாக்டர் சீட்டை வாங்கி இரண்டு தடவை படிப்பாள். மருந்தை எடுத்து, அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள். எதைச் சாப்பாட்டுக்கு முன்னால், எதைப் பின்னால் என்று வந்தவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லி அனுப்புவாள்.

அந்த மூன்று மாதமும் ஞானதுரை அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

கல்லாப்பெட்டிப் பக்கம் போகிறதா என்று.