ஊசியாக விழுந்த மருந்து

மைக்ராஸ்கோப்பில் ஊசிகள் தெரிந்தன.

டீம் லீடர் சியோ கண்ணை எடுத்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு ஆய்வகத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் மருந்து கற்கண்டு போலக் கட்டி கட்டியாகப் படிய வேண்டும். அப்போதுதான் வடிகட்டிக் கழுவினால் அழுக்கு ஓடிப்போகும். ஊசி ஊசியாக விழுந்தால் ஈரத் தலைமுடி மாதிரி சிக்குப் பிடித்துக்கொள்ளும். நடுவில் மாட்டிய அழுக்குத் தண்ணீர் எத்தனை முறை கழுவினாலும் போகாது. அதை எந்த நோயாளிக்கும் கொடுக்க முடியாது.

வசந்தத்தில் ஜெச்சொன் ஊரில் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னோர் ஆலையில் ஒரு நாள் இப்படி விழுந்தது. அதற்குப் பிறகு அங்கே தலைகீழாக நின்றாலும் ஊசிதான். அந்த ஊசியின் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அங்கிருந்து வந்து எங்கள் குடுவையில் விழுந்தால் போதும், இங்கேயும் அதே கதி. ஆகவே அங்கிருந்து ஆள் வரக் கூடாது, பார்சல் வரக் கூடாது, இங்கிருந்து யாரும் போகவும் கூடாது.

என் கணவர் கியூஹோ ஜெச்சொன் ஆலையில் வேலை செய்கிறார்.

வார இறுதியில் மட்டும் அங்கே வீட்டுக்குப் போய்வந்தவள், அதையும் நிறுத்திவிட்டு விடுதியிலேயே கிடந்தேன். வராதே என்று முதலில் சொன்னதே அவர்தான். “உன் தலைமுடியில ஒட்டிக்கிட்டுப் போனாக்கூட உங்க ஃபேக்டரி அம்போதான்.” எவ்வளவு அக்கறை என்று நானும் உருகிப்போனேன். கிம்ச்சி ஊறுகாயைக் கூரியரில் அனுப்புவேன். காலி டப்பா திரும்பி வரக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் புது டப்பா. சூசொக் அறுவடைப் பண்டிகைக்குக்கூடப் போகவில்லை. மாமியார் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“உண்மையச் சொல்லுங்க” என்றார் சியோ. “இத்தனை மாசம் புருஷனப் பாக்காம இருந்தீங்கன்னு நாங்க நம்பணுமாக்கும்?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வேலை போவதோடு முடியாது. ஓர் ஆலையையே கெடுத்தவள் என்ற பெயரும் கூடவே வரும். அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் எவன் என்னை உள்ளே விடுவான்?

பக்கத்து மேசை ஹேவொன் மட்டும்தான் எனக்காக வாயைத் திறந்தாள்.

“அக்கா எங்கயும் போகல சார். சூசொக் அன்னைக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டோம். அவங்க மட்டும் ரூம்ல ஒண்டியா ராம்யொன் நூடுல்ஸ் வேகவெச்சு, அதுலயும் பாதியக் கொட்டிட்டாங்க. பாவம் சார்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆலையில் எனக்கென்று ஒருத்தியாவது இருக்கிறாளே.

அந்தத் தைரியத்தில்தான், நீங்கள் பார்த்தது என் குடுவை இல்லை, என்னுடையதையும் பாருங்கள் என்று எடுத்து நீட்டினேன். காலையில் ஒரே கரைசலைத்தான் எல்லோரும் பங்கிட்டு, அவரவர் மேசையில் அவரவர் குடுவையில் குளிர வைத்திருந்தோம். நான் கொண்டுவந்திருந்தால் என்னுடையதுதானே முதலில் கெட வேண்டும்?

சியோ பார்த்தார். கட்டி கட்டியாகக் கற்கண்டு. எதிர் மேசைக் குடுவையிலும் கற்கண்டு. அதற்கடுத்ததிலும் அதுவே. ஒன்றே ஒன்றுதான் கெட்டிருந்தது. அவர் நிமிர்ந்து, எல்லோர் முன்னாலும் இடுப்பு வரை குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு ஊசி விழுந்த குடுவையைத் திருப்பி, ஒட்டியிருந்த பெயரைப் படித்தார்.

ஹேவொன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. எங்கே பட்டதென்றே தெரியவில்லை என்றாள். சூசொக்குக்குப் புசானில் அம்மா வீட்டுக்குப் போனேன், வேறெங்கும் போகவில்லை என்று அழுதாள். சியோ என் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள் என்பது போலப் பார்த்தார்.

நான் ஹேவொனையே பார்த்தேன்.

அந்த நூடுல்ஸைப் பாதி கொட்டியதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். பண்டிகையன்று, போனில், ஜெச்சொனுக்கு.