வெறும் துளியிலும் நீலம்

"இன்னிக்கும் மை கொட்டின மாதிரி நீலம். அந்தோணியம்மாளைக் கூப்பிடு, ஜலஜா."

விஞ்ஞானி சுவாமிநாதன் கண்ணாடித் தட்டைத் தள்ளி வைத்தார். 1973. சென்னை அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடம். கடல்நீரில் மிதக்கும் நுண்பாசியில் ஒரே ஒரு செல்லை, தலைமுடி கனமுள்ள கண்ணாடிக் குழாயால் உறிஞ்சித் தட்டிலுள்ள மருந்துத் துளியில் விடுவார். செல்லுக்குள் எவ்வளவு பாஸ்பரஸ் சத்தோ அவ்வளவுக்குத் துளி நீலமாகும். ஆறு மாத உழைப்பு. ஒரு நாள் வெளிர்நீலம், மறுநாள் மை. எதை நம்புவது?

அந்தோணியம்மாள் வந்து நின்றாள். பாலவாக்கத்திலிருந்து தினமும் புட்டியில் கடல்நீர் கொண்டுவருபவள்.

"கையைக் கழுவினியா?"

"சோப்பு போட்டுக் கழுவினேன் சார்."

"மீன் கூடை தூக்கற கை. எத்தனை கழுவினா என்ன? மீன்ல இருக்கறதும் பாஸ்பரஸ்தான். நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"இத்த நம்பித்தான் சார் வூட்ல அடுப்பு எரியுது."

அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவருக்கு என்னவோ போலிருந்தது. விஞ்ஞானம்தானே பேசினேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"சார், கடல்நீரே இல்லாம ஒரு தடவை பார்த்துடலாமே? காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டும்," என்றாள் உதவியாளர் ஜலஜா.

"பார்த்துடுவோம். யார் கைன்னு தெரிஞ்சுடும்."

தட்டின் மேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரைத் துளியில் விட்டார்.

நீலம். அதே மை.

"நீ போடு."

ஜலஜா போட்டாள். துளி கண்ணாடியாய் நின்றது. மாறி மாறி மூன்று தடவை. அவள் போட்டதெல்லாம் தெளிவு, அவர் போட்டதெல்லாம் நீலம்.

ஆறு மாதமாகக் கண்ணாமூச்சி காட்டிய தப்பு இதோ, இந்த மேசையிலேயே இருக்கிறது. தட்டை லென்ஸுக்கடியில் தள்ளினார். வெள்ளை வெள்ளையாய்த் தூசி.

"சார்..." ஜலஜா தயங்கினாள். "உங்க நெத்தி."

தொட்டுப் பார்த்தார். விரலில் விபூதி. சாணச் சாம்பல். சாம்பலில் பாஸ்பரஸ் இல்லாமலா?

ஓடிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வெறும் துளி தெளிவாய் நின்றது. அடுத்து ஒரு செல். மெல்ல மெல்ல வெளிர்நீலம். இன்னொன்று, இன்னொன்று. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"கிடைச்சுடுத்து, ஜலஜா" என்றவர், எழுதிவைக்கக்கூட நிற்காமல் வெளியே விரைந்தார்.

"அந்தோணியம்மா, உன் கையில ஒரு தப்பும் இல்லை. என் நெத்தியிலேர்ந்து விழுந்திருக்கு."

"தெரியும் சார். புட்டி குடுக்க வரசொல்ல ரெண்டு வாட்டி பாத்துக்கீறேன். நீங்க குனிஞ்சா உதிரும்."

"வேலையே போறப்பகூட ஏன் சொல்லலை?"

"சாமி துன்னூறு சார் அது. அத்தப் போயி அழுக்குன்னு என் வாயால சொல்லுவனா?"