நெரெய்தாவின் கைப்பை

மயாகுவெஸ் பல்கலைக்கழகத்தில் நான் உருவாக்கிய வெடிமருந்து மோப்பக் கருவிக்கு அன்று இறுதிச் சோதனை. ஒரு தடவை தப்பாகக் கத்தினாலும் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

எல்லோருக்கும் கொய்யா பஃப்ஸ் கொண்டுவந்த என் மனைவி நெரெய்தாவைப் பார்த்து அது கத்தியது.

"உங்க வீட்டம்மா வெடிகுண்டா, புரொபசர்?" என்று சிரித்தார் சோதிக்க வந்த அதிகாரி.

"வீட்ல மட்டும்தான் வெடிப்பா சார்!"

கருவியைத் துடைத்து மறுபடி நீட்டினேன். மறுபடி கத்தியது.

"அப்ப கடையக் கட்டுங்க."

"மெஷினத் திட்டாதீங்க," என்ற நெரெய்தா, கைப்பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தாள். "நைட்ரோகிளிசரின். நெஞ்சுவலி மாத்திரை. இத வச்சுதானே வெடியும் செய்றாங்க? சோதனை முடியட்டும்னு உன்கிட்ட சொல்லல, கிழவா."

ஊருக்கெல்லாம் மோப்பம் பிடித்தவன், பக்கத்துத் தலையணையைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

"பலே! கருவி பாஸ்!" அதிகாரி கைகுலுக்க வந்தார்.

என் இரண்டு கைகளும் அவள் கையைப் பிடித்திருந்தன.