ஒரு முழம் இடம்

“பின்னால இழு ரோகிணி. இன்னும். இன்னும்... அட, யாருனா புடிச்சி வச்சிகினு கீறாங்களா இன்னா?”

ஹரிசங்கர் கத்தியது கிளப் முழுக்கக் கேட்டது. பக்கத்து டேபிளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

ரோகிணி பல்லைக் கடித்தாள். கையிலிருந்த க்யூ கோல் நாலு விரற்கடை பின்னால் போனது, நின்றது, வெடுக்கென்று முன்னால் பாய்ந்தது. சிவப்புப் பந்து பாக்கெட்டின் வாயில் இப்படியும் அப்படியும் முட்டிவிட்டு வெளியிலேயே நின்றது.

கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த மாடியில் இருந்தது அந்த கிளப். முழு அளவு ஸ்னூக்கர் டேபிள் வேண்டுமென்றால் அதை விட்டால் அவளுக்குப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் மாநிலப் பெண்கள் அணிக்கான தேர்வு. போன வருஷம் ஒரே ஒரு பந்தில் கை நழுவிப் போனது. அதற்காகத்தான் இந்த வருஷம் ஹரியைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டாள்.

க்யூவை நிதானமாக, நீளமாகப் பின்னால் இழுக்க வேண்டும். கடைசியில் ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். அப்புறம்தான் முன்னால் விட வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் கையை ஊன்றி இழுத்துப் பார்த்தால் எண்ணெய் போட்ட மாதிரி போய் வருகிறது. இங்கே வந்தால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

அவள் பயந்து ஆடுகிறாள் என்றான் ஹரி. பொம்பளைங்களுக்குத் தோளில் வலு பத்தாது என்றார் பக்கத்து டேபிள்காரர். அவள் முழங்கையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே அந்த மாடியில் இல்லை.

அடுத்த பந்துக்குக் குனிந்தாள்.

பின்னால் செருப்பு தேயும் சத்தம். ஏலக்காய் டீ வாசனை.

கேசவன். கிளப் முதலாளி. அவள் குனிந்தால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவார். “பந்து போற லைன் பாக்கறேன் தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டு ஒட்டினாற்போல வந்து நிற்பார்.

ஆரம்பத்தில் ஒருமுறை க்யூவின் அடிப்பக்கம் அவர்மேல் பட்டுவிட்டது. ரோகிணி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் நகரவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்துதான் அவள் கை குட்டையாகிப் போனது.

இன்றைக்கு அவள் நிமிர்ந்தாள். திரும்பினாள்.

“தள்ளிப் போங்க. நான் குனியும்போது இனிமே என் பின்னால யாரும் வந்து நிக்கக் கூடாது.”

தன் குரல் இத்தனை பெரிதாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. மற்ற டேபிள்களில் பந்துச் சத்தம் நின்றது. கூடச் சேர்ந்து சிரிக்க ஆள் கிடைக்குமா என்று கேசவன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. “என் கிளப்ல நான் எங்க நின்னா உனக்கு இன்னாம்மா?” என்று முனகிக்கொண்டே கவுண்டருக்குப் போய் உட்கார்ந்தார்.

ரோகிணி டேபிள் பக்கம் திரும்பினாள். சாக் கட்டியை எடுத்து க்யூ முனையில் தேவைக்கு மேலேயே தேய்த்தாள். பிறகு குனிந்தாள்.

க்யூ பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. நின்றது. விட்டாள்.

பந்து எங்கேயும் உரசாமல் உள்ளே விழுந்தது. அடுத்தது கருப்பு. அதுவும் விழுந்தது. மறுபடி சிவப்பு.

“இதான்! இத்தினி நாளா நான் தலபாடா அடிச்சிகினது இதுக்குத்தான்!” ஹரி குதித்தான்.

அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. அவன் கண் பூராவும் என் கையில் இருந்திருக்கிறது, பின்னால் யார் வந்து நின்றால் அவனுக்கு என்ன தெரியும், நான்தான் முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“முன்னாடி எப்படி இழுத்த, இப்ப எப்படி இழுக்கற, நீயே பாரு” என்று தன் போனை அவளிடம் கொடுத்துவிட்டு ஹரி பந்துகளை அடுக்கப் போனான். பயிற்சி முழுவதையும் அவன் பக்கவாட்டில் நின்று, போனைக் கையில் பிடித்தபடி வீடியோ எடுப்பது வழக்கம். அவளுக்கு அனுப்பும்போது கை தெரியும் இடத்தை மட்டும் சிறிதாக வெட்டி அனுப்புவான். வெட்டாதவை அந்தப் போனில் இருந்தன.

போன வாரத்தது ஒன்றைத் திறந்தாள்.

டேபிள் ஓரம் அவள் நிற்கிறாள். குனிகிறாள். வலப்பக்கமிருந்து கேசவன் டீ டம்ளரோடு வருகிறார். ஒட்டி நிற்கிறார். அவள் முதுகும் அவர் முகமும் படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. அவர் போனைப் பார்த்து லேசாகத் தலையாட்டுகிறார்.

கொஞ்ச நேரம் படம் அசையவில்லை.

பிறகு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. கேசவனின் முகம் போனது, தோள் போனது, டம்ளரும் போனது. அவர் முழுக்க வெளியே போன பிறகு படம் அவள் முழங்கையில் வந்து நின்றது.

இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் அப்படித்தான் நகர்ந்தது.

ரோகிணி போனை டேபிளின் பச்சைத் துணிமேல் கவிழ்த்து வைத்தாள். க்யூவைத் திருகி இரண்டாகக் கழற்றினாள்.

“ஞாயித்துக்கிழம எத்தினி மணிக்குக் கெளம்பலாம்?” என்றான் ஹரி, பந்துகளிலிருந்து நிமிராமலே.

“நீ வர வேணாம்” என்றாள்.