அம்மாவிடம் உள்ள திட்டு

டாக்டர் அறைக்குள் வந்த பிறகும் அம்மா நெல்லிக்காயை மென்றுகொண்டிருந்தாள்.

தேவிப்ரியாவுக்கு மானம் போனது. முழங்கையால் இடித்தாள். அம்மா காயைக் கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டாளே தவிர, துப்பவில்லை.

ஷர்லி டாக்டர் தேவிப்ரியாவின் சர்க்கரை நோட்டைப் புரட்டினார். காலையில் இவ்வளவு, சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு, படுக்கும்போது இவ்வளவு. ஒன்பது வயதில் தொடங்கிய எழுத்து. இது எத்தனையாவது நோட்டு என்பது தேவிப்ரியாவுக்கே மறந்துவிட்டது. அவளுக்கு இப்போது பதினேழு வயது. ஒரு நாளைக்கு நாலு ஊசி. குத்திக் குத்தி வயிறு கல்லாகிவிட்டதென்று தொடைக்கு மாறினாள். இப்போது தொடையும் கல்.

அழுகை எப்போதோ தீர்ந்துவிட்டது. அலுப்புதான் தீரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் வந்தபோது, இந்த ஊசிக்கு ஒரு முடிவே கிடையாதா என்று அம்மா கேட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கணையத்துக்குள் திட்டுத் திட்டாகச் செல்கள் இருக்கின்றன, இன்சுலின் சுரப்பவை அவைதான், இவளுக்கு அவை அழிந்துவிட்டன. இன்னொருவரின் திட்டுகளை எடுத்து வைக்கும் வைத்தியம் வெளிநாட்டில் சில இடங்களில் நடக்கிறது. ஆனால் வைத்த கொஞ்ச நாளிலேயே பல திட்டுகள் செத்துப்போகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்து அவற்றைக் காப்பாற்ற முடியுமா என்று ஆராய்ச்சி செய்கிறார்கள்.

"அது எதுல இருக்குங்க?" என்றாள் அம்மா.

"நெல்லிக்காயிலகூட இருக்கு" என்று டாக்டர் சிரித்தார்.

அன்று பிடித்தது அம்மாவுக்கு நெல்லிக்காய்ப் பித்து. சந்தைக்குப் போனால் நெல்லிக்காய். நார்த்தாமலைப் பக்கம் வேலைக்குப் போனால் மடி நிறைய நெல்லிக்காய். காய்ப்பில்லாத மாதத்தில் உப்பில் ஊறியது. பல் கூசக் கூசத் தின்றாள். மகளுக்கு ஒன்றுகூடத் தரவில்லை. கேட்டால், "ஒனக்கு எதுக்குடி?" என்று பாய்ந்தாள். "சீக்கு மகளுக்கு, மருந்து ஆத்தாளுக்கு" என்று அப்பா சாடை பேசினார்.

தேவிப்ரியா அதை மனதில் வைத்திருந்தாள். எட்டு வருஷம் மகளோடு அலைந்து அம்மாவுக்கும் அலுத்துவிட்டது. இனி தன் உடம்பைப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

"அந்தத் திட்டு வைக்கிறது இங்கிட்டு வந்துருச்சாங்க?" என்று அம்மா இப்போது கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. வந்தாலும் குடுக்க ஆள் வேணும். திட்டு லேசுல கிடைக்காது."

தேவிப்ரியாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்கம்மாகிட்ட நெறைய இருக்கு டாக்டர். எந்திரிச்சதுல இருந்து திட்டுதான்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. வாயிலிருந்த கொட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அதத்தாங்க நானும் சொல்ல வந்தேன். ஏங்கிட்ட உள்ளத எடுத்து இவளுக்கு வச்சிருங்க. ஆறு மாசமா நெல்லிக்காயாத் தின்னு பக்குவமா வச்சிருக்கேன். சாகாது."

தேவிப்ரியா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

டாக்டர் நெல்லிக்காயைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விட்டுவிட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கவங்ககிட்ட எடுக்க மாட்டாங்கம்மா. இறந்துபோனவங்ககிட்டதான் எடுப்பாங்க."

அம்மா தலையாட்டினாள். முகத்தில் ஏமாற்றம் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தாள்.

"அப்ப என்னைய எத்தன மணி நேரத்துக்குள்ள கொண்டாந்து சேக்கணும்ங்க? எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறணும்."