முதல் போணி

மூன்றாவது வேலையையும் தன்யா தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அல்தாஃப் லேப்டாப்பை மூடிய சத்தத்தில், அரிசி வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா. அது சாக்கு மூட்டை இல்ல," என்றார் அத்தா அலாவுதீன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மட்டாஞ்சேரியில் உட்கார்ந்தபடியே உலகத்துக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதப்போவதாக அல்தாஃப் அறிவித்து ஆறு வாரம் ஆகிறது. அதில் மூன்று வாரம், எந்த வெப்சைட் வழியாக வேலை பிடிப்பது என்று பட்டியல் போடுவதிலேயே போயிற்று. எதில் கமிஷன் குறைவு, எதில் கூட்டம் கம்மி, எதில் நல்ல ஆட்கள் வருகிறார்கள். அவனுக்குப் பெண் பார்க்கும்போதுகூட வீட்டில் இத்தனை விசாரிக்கப்போவதில்லை.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு வேலைக்கு விலை சொன்னான். அது எதிர்க்கடை வாஞ்சிநாதன் மகள் தன்யாவுக்குப் போனது. வெப்சைட்டை மாற்றினான். அங்கேயும் தன்யா. மூன்றாவதிலும் அவளேதான்.

"ரோட்டுலதான் எதிர்க்கடைன்னா இன்டர்நெட்லயுமா? நான் பத்து சொன்னா அவ ஒன்பது சொல்றா, அத்தா."

"அவ நாலு வருஷமா செய்யறா. பேர் இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

அதுதான் அவனுக்கு வலித்தது. வேலை கொடுத்தவர்கள் நட்சத்திரம் போட வேண்டிய இடம் அவன் பெயருக்குக் கீழே காலியாகக் கிடந்தது. நட்சத்திரம் இல்லாதவனுக்கு யாரும் வேலை தர மாட்டார்கள். வேலை செய்யாதவனுக்கு நட்சத்திரம் கிடையாது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்," என்றார் அத்தா. "ஒரு வேலையும் வரலேன்னா கடையில வந்து உட்காரணும். சொன்னது சொன்னதாக்கும்."

"அவ விட்டால்ல வரும்?"

"அவளை ஏன் சொல்றே? அவ அப்பன் எதிர்ல கடை திறந்தன்னிக்கு முதல் போணி யாருன்னு நினைக்கறே? நானாக்கும். புதுசா திறக்கறவன் கல்லா முதல் நாள் காலியா இருக்கப்படாது. எதிராளியா இருந்தாலும் போய் வாங்கணும். அது பஜார் மரியாதை."

"அரிசிக் கடை வெச்சிருக்கறவரு எதிர்க்கடையில அரிசி வாங்கினீங்களா?"

"அஞ்சு கிலோ. நல்ல அரிசி. வெளியே சொல்லலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவங்கவங்க யாவாரம்," என்று அத்தா சட்டென்று தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த மரியாதை எல்லாம் உங்களோட சரி. இவ என் வயித்துலயே அடிக்கறா," என்றான் அல்தாஃப்.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது வேலை வந்தது. 'மாயா வி.' என்று ஒரு பெண். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூ. ஊர் போடவில்லை. பூவைப் பார்த்து ஹாலந்துதான் என்று அல்தாஃப் முடிவு கட்டினான். எத்தனை சாக்கு என்று தட்டினால் எத்தனை கிலோ என்று சொல்லும் ஒரு சின்னப் பக்கம் வேண்டுமாம். அங்கேயும் சாக்கு இருக்கும்போல.

செய்து கொடுத்தான். பட்டனைப் பெரிதாக்கச் சொன்னாள். ஆக்கினான். இன்னும் பெரிதாக என்றாள். பிறகு பச்சை நிறம். பிறகு இன்னும் பெரிதாக. நாலு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு, 'மகிழ்ச்சி மேடம்' என்று எழுதினான்.

ஐந்து நட்சத்திரம் விழுந்தது. அதைப் பார்த்து மறுநாளே துபாயிலிருந்து இன்னொரு வேலையும் வந்தது. அத்தா சாயா வரவழைத்தார். அல்தாஃபுக்குக் கடைத் தண்டனை ரத்து என்று அதற்கு அர்த்தம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். கொடுக்கிற மாதிரி கொடுத்து, தன்யாவை வார்த்தையால் நாலு குத்து குத்திவிட்டு வரலாம் என்று ஆசை.

கல்லாவில் தன்யாவின் அம்மா மாயம்மாள் இருந்தாள். கையில் போன். திரையில் பெரிய பச்சைப் பட்டன்.

"வா மோனே. நல்லா பெரிசா செஞ்சிருக்கே. கண்ணாடி இல்லாமலே தெரியுது."

மாயா. வி என்றால் வாஞ்சிநாதன். ஹாலந்து, எதிர்க்கடைக் கல்லாவிலேயே இருந்திருக்கிறது.

உள்ளேயிருந்து தன்யா வந்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும்தான்னு உங்க அத்தா பஜார் முழுக்கச் சொல்லிட்டார். 'எதிர்க்கடைக்கு முதல் போணி நாமதான் பண்ணணும். அவர் நமக்குப் பண்ணினாரில்ல'ன்னு அப்பா சொன்னார். அம்மாவுக்கும் இது வேண்டியிருந்தது. நட்சத்திரம் நான் போடலை, அம்மாதான் போட்டா."

"நாலு தடவை மாத்தச் சொல்லியும் பையன் முகம் சுளிக்கலையே, பின்னே?" என்றாள் மாயம்மாள்.

அல்தாஃபுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளாகத் தன்யாவைத் திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. லட்டு டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினான்.

"தப்பா நினைச்சிட்டேன் தன்யா. இனி நமக்குள்ள போட்டி எதுக்கு? பேசி வெச்சுக்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப் பையில் போன் அடித்தது. காலையில் அவன் விலை சொல்லியிருந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. யாருக்கு என்று பார்த்தான்.

"இப்பத்தானே போணி பண்ணினே? உடனே இப்படியா?"

தன்யா டப்பாவிலிருந்து பெரிய லட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

"எங்களுக்குப் போணி பண்ணின மறுநாள் காலையில, உங்க அத்தா கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைச்சு போர்டு வெச்சார். அதை அவர் சொல்லலியா?"